அண்ணன் வராமல் இறங்கக்கூடாது

அந்த ரயிலில் கோட்டும் சூட்டும் கழுத்துப்பட்டியுமாக ஏறியவன் நான் ஒருவன்தான். மற்றவர்கள் எல்லாருக்கும் அரைக்காற்சட்டை, அகலத் தொப்பி, கழுத்தில் ஒரு கமெரா. என்னுடையது இத்தாலியில், பொலிதேயாமா அரங்குப் பக்கத்தில் அளவு கொடுத்துத் தைத்த சாம்பல் நிறச் சூட். பலெர்மோவில் அதைப் போட்டுக்கொண்டு போனால் வங்கி மனேஜர் கதவைத் திறந்து பிடிப்பார். அந்த ரயிலில் அது வெயிலில் வெந்து என் முதுகோடு ஒட்டிக்கிடந்தது.

எதிரில் ஜன்னலோரமாக என் தம்பி செபஸ்தி. வெளியே ஆஸ்திரேலியாவின் கோதுமைக் காணிகள். அறுவடை முடிந்து வெறும் தாள் மட்டும் நிற்க, கண்ணுக்கு எட்டிய வரை மஞ்சள். இடையிடையே ஒரு தகரக் கொட்டில், சுற்றாமல் நிற்கும் காற்றாடி, ஒற்றை மரத்து நிழலில் நெருக்கிக்கொண்டு நிற்கும் ஆடுகள். அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு என் பக்கம் திரும்பி மிக மரியாதையாகக் கேட்டான்.

"ஐயா, மடு றோட்டு தாண்டிட்டுதோ?"

மடு றோட்டு எங்கள் மன்னார்ப் பாதையில் ஒரு ஸ்டேஷன். அது எங்கே, நாங்கள் எங்கே! அந்தக் குழப்பத்தைக்கூட நான் பொறுத்துக்கொள்வேன். 'ஐயா' என்றானே, அதைத்தான் விழுங்க முடியவில்லை. ஒரு வயிற்றில் பிறந்தவனை யாராவது ஐயா என்று கூப்பிடுவார்களா?

எழும்பி நிற்பான்

போன கிழமை இந்தப் பத்தியில், எட்டு வீட்டுச் சின்யோராமார், அதாவது நான் வேலை செய்த இத்தாலிய வீட்டு அம்மாமார், தங்கள் வீட்டுச் சாவியை என்னை நம்பித் தந்த கதையை எழுதியிருந்தேன். வாசித்துவிட்டுக் கடைக்கே வந்து "உண்மையோ அண்ணை?" என்று கேட்டவர்கள் உண்டு. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்குப் பொய் கோர்த்து எழுதுகிற படிப்பு ஏது? எழுத்துப் பிழையைத் திருத்துங்கள், கதையில் கை வைக்காதீர்கள் என்று பத்திரிகை ஆசிரியரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். இதுவரை நான் வென்ற கதைகளாகவே எழுதி வந்தேன். இந்தக் கிழமை அப்படி ஒன்று இல்லை.

செபஸ்தி எனக்கு மூன்று வயது இளையவன். நாட்டில் பிரச்சினை தொடங்கிய காலத்தில் நான் பலெர்மோவுக்கு வந்துவிட்டேன். அவன் மன்னாரில் நின்றான். எனக்கு முதலில் பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதி இல்லை, இந்த நாட்டை விட்டு வெளியே போனால் திரும்பி வர முடியாது. அந்தக் கடதாசி கைக்கு வந்தபோது சண்டையால் அவன் இருந்த ஊருக்குப் பாதை இல்லை. பாதை திறந்தபோது என் தலையில் இரண்டு கடைகள். இப்படியே வருடங்கள் போயின. அவன் குரலைத் தவறாமல் கேட்டேன். முகத்தைக் காணவில்லை.

அவனுக்கு ஒரே மகள், மெரீனா. தாதியாகப் படித்து ஆஸ்திரேலியாவுக்குப் போனாள். கோதுமை விளைகிற நாட்டுப்புறத்தில் ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் வேலை. தாய் போன பிறகு தகப்பனையும் தன்னோடு கூப்பிட்டுக்கொண்டாள். அங்கிருந்து ஒருநாள் அவள் போன் எடுத்தாள்.

"பெரியப்பா, அப்பா இப்ப ஆக்களை மட்டுக்கட்டிறேல்லை. முகம் ஒண்டும் பிடிபடுகுதில்லை. என்னையே சில நேரம் 'மிஸ்' எண்டுறார்."

"உன்னை அவனுக்கு நேற்றுத்தானே தெரியும். என்னைப் பிறந்த நாளிலை இருந்து தெரியும். நான் வாறன் பிள்ளை. என்னைக் கண்ட உடனை எழும்பி நிப்பான், பார்."

கடையில் வெங்காயம் நிறுத்துக்கொண்டு நின்ற என் மனைவி பிலோமினா தலையை நிமிர்த்தவில்லை. "ஓம் ஓம், பாப்பரசர் வாறார், எல்லாரும் எழும்பி நில்லுங்கோ" என்றாள்.

அவள் எப்போதும் அப்படித்தான். நான் விடவில்லை. பூசை முடிந்து கோயில் வாசலில் நின்ற அத்தனை பேருக்கும் சொன்னேன்: "மற்ற எல்லாரையும் மறந்திருப்பான். என்னை மறக்கிற ஆள் இன்னும் பிறக்கேல்லை."

ஆனால் புறப்படுவதற்கு முந்திய ஞாயிறு, பலெர்மோவைக் காக்கிற சாந்தா ரொசாலியாத் தாயின் மலைக்கு வெறுங்காலோடு ஏறினேன். நம் சைவச் சனமும் கத்தோலிக்க வேதக்காரரும் ஒன்றாக ஏறுகிற மலை அது. குகைக்குள் சொட்டுகிற தண்ணீரைக் கையில் ஏந்திக்கொண்டு, வியாபாரம், பிள்ளைகள், முழங்கால் வலி ஒன்றையும் சொல்லாமல், "அவன் என்னை ஒருக்கா மட்டுக்கட்ட வேணும் தாயே" என்று மட்டும் கேட்டேன். வாயால் சொன்னதில் எனக்கே எவ்வளவு நம்பிக்கை இருந்தது என்று இதிலிருந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

மெரீனாவின் வீட்டுக் கதவு திறந்தபோது அவன் நாற்காலியில் இருந்தான். தலை முழுக்கப் பஞ்சாய் நரை. முகத்தின் நடுவில் அப்படியே எங்களைப் பெற்ற அப்புவின் மூக்கு. என்னைக் கண்டதும் எழும்பி நின்றான்.

'பார்த்தியா பிலோ!' என்று மனதுக்குள் கத்தினேன்.

அவன் தன் நாற்காலியை என் பக்கமாகத் தள்ளினான். "இருங்கோ ஐயா. தூரத்திலை இருந்து வந்திருக்கிறியள் போலை."

பழைய ரயில்

ரயில் யோசனை மெரீனாவுடையது. அந்த ஊர்ப் பாதையில் பயணிகள் ரயில் நின்று கனகாலமாகிவிட்டது. கோதுமை ஏற்றுகிற வண்டி மட்டும் போகும். ரயில் பைத்தியம் பிடித்த சில முதியவர்கள் சேர்ந்து, பழைய பெட்டிகளைத் துலக்கி, வருடத்தில் சில நாட்கள் ஓட்டுகிறார்கள். ஒரு வழிகாட்டி ஒலிவாங்கியில் வயல்களைப் பற்றியும் ஸ்டேஷன்களைப் பற்றியும் சொல்லிக்கொண்டே வருவார். அடுத்த ஊரில் இறங்கிச் சாப்பிட்டு, அதே ரயிலில் திரும்பி வரலாம்.

"பழைய சாமான்களைக் கண்டா அப்பா கொஞ்சம் தெளிவா இருப்பார் பெரியப்பா. போய்ப் பாப்பம்."

'ரயில்' என்றதும் எனக்கும் நெஞ்சுக்குள் ஒரு பல்ப் எரிந்தது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நல்ல ரயில்தான். மர ஜன்னல், பித்தளைக் கொக்கி, தேய்ந்து பளபளத்த தோல் இருக்கை. வார்னிஷும் எண்ணெயும் தூசியும் கலந்த மணம். நீட்டுக்கு நடுவில் நடைபாதை, இரண்டு பக்கமும் இருக்கை. வழிகாட்டி வெள்ளைத் தாடி வைத்த நெடிய மனிதர். மழை பொய்த்த வருடங்களில் இந்தப் பக்கத்துக் குடும்பங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு போன கதையைச் சொன்னார். மெரீனா மெல்லத் தமிழில் சொல்லித் தந்தாள். ஒரு குட்டி ஸ்டேஷன் போயிற்று. மேடை இருந்தது, பெயர்ப்பலகை இருந்தது, ஊரைக் காணவில்லை. செபஸ்தி அதற்குக் கை காட்டினான்.

எங்களுக்குப் பின்னால் ஒரு கிழவி. நான் வெயிலைத் திட்டி இத்தாலியனில் ஏதோ முணுமுணுத்ததைக் கேட்டுவிட்டு முதுகில் தட்டினாள். அவளுடைய பெற்றோர் சிசிலியிலிருந்து வந்து இங்கே திராட்சை நட்டவர்களாம்.

"என் தகப்பன் பேசினது போலவே பேசுகிறாயே, எங்கே படித்தாய்?" என்று கேட்டாள்.

"பல்லரோச் சந்தையில், சின்யோரா. அதைவிடப் பெரிய பள்ளிக்கூடம் பலெர்மோவில் இல்லை" என்றேன்.

அவள் சிரித்த சிரிப்பில் அந்தப் பெட்டியே திரும்பிப் பார்த்தது. செபஸ்தி மட்டும் பார்க்கவில்லை.

இரண்டு முனை

இப்போது அந்தப் பல்ப் கதை.

தலைமன்னாரில் கப்பல் வந்து இறங்குகிற சனத்தை ஏற்றிக்கொண்டு ரயில் புறப்படும். சின்ன வயதில் நானும் செபஸ்தியும் அதில் கச்சான், அதுதான் நிலக்கடலை, விற்றோம். கழுத்தில் கயிறு போட்டுத் தொங்கவிட்ட தகரத் தட்டம், அதில் கடதாசிச் சரைகளாக வறுத்த கச்சான். மற்றப் பொடியன்கள் கூட்டமாக ஏறி ஒருவனை ஒருவன் இடித்துக்கொண்டு விற்பார்கள். நான் அப்படிச் செய்யவில்லை. வியாபார மூளை எனக்குப் பிறவியிலேயே உண்டு.

நான் இன்ஜின் பக்கத்தால் ஏறுவேன். அவன் கார்ட் பக்கத்தால் ஏறுவான். நான் "கச்சா...ன், சூட்டுக் கச்சா...ன்" என்று இழுத்துக் கூவுவேன். உடனே மற்ற முனையிலிருந்து அவன் "உப்புக் கச்சான், மொறுமொறு கச்சான்" என்று வெட்டிக் கூவுவான். சனம் எங்களைப் போட்டிக்காரர்கள் என்று நினைக்கும். என்னிடம் வாங்காதவன் அவனிடம் வாங்குவான். இருவரும் நடுவில் சந்திப்போம். நான் அவன் தட்டத்தில் விரல் முட்டியால் இரண்டு தரம் தட்டுவேன். முடிந்தது, இறங்கு என்று அர்த்தம். மன்னாரில் குதித்து, எதிர் ரயிலில் திரும்புவோம்.

ஒரே ஒரு சட்டம் போட்டிருந்தேன். நான் வந்து தட்டும் வரை அவன் இறங்கக்கூடாது. சின்னவன், அவசரத்தில் ஓடுகிற ரயிலிலிருந்து குதித்துவிடுவான் என்ற பயம்.

ஒருமுறை டிக்கெட் பரிசோதகர் என் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஒரு சாமான் பெட்டிக்குள் பூட்டிவிட்டார். மன்னார் வந்தது, போனது. முருங்கன் போனது. மடு றோட்டில் திறந்துவிட்டார்கள். இறங்கிப் பார்க்கிறேன், பக்கத்துப் பெட்டிக் கதவடியில் தட்டத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு செபஸ்தி நிற்கிறான். அழுது கண் வீங்கியிருந்தது.

"மன்னாரிலை ஏனடா இறங்கேல்லை?"

"நீங்கள் வந்து தட்டேல்லையே அண்ணை."

பல்லரோவில் கேட்ட சத்தம்

நான் பலெர்மோவில் இறங்கியபோது 'போன்ஜோர்னோ'வைத் தவிர ஒரு சொல் தெரியாது. பசியோடு பல்லரோச் சந்தைக்குள் அலைந்தேன். மீன்காரன் ஒரு பக்கம் பாட்டாக இழுத்துக் கூவ, எதிர்ப் பக்கத்துக் கத்தரிக்காய்க்காரன் அதை வெட்டிக் கூவினான். நான் நடுத்தெருவில் நின்றுவிட்டேன். இது நம்முடைய தொழில் அல்லவா!

ஒரு வெங்காயக்காரன் தொண்டை கட்டிப்போய் இருமிக்கொண்டு நின்றான். அவன் சொன்ன சொல்லை வாங்கி, என் கச்சான் ராகத்தில் இழுத்துவிட்டேன். சந்தை திரும்பிப் பார்த்தது. பலகணியில் நின்ற ஒரு பெண் கயிற்றில் கூடையை இறக்கினாள். அன்றைக்கே எனக்கு வேலை. படியைக் கழுவினது, சின்யோராமார் வீடு, கடை எல்லாம் அதற்குப் பிறகுதான். இத்தாலியன் தெரியாமல் இத்தாலியனில் கூவிப் பிழைத்த தமிழன் வேறு யாராவது இருந்தால் பத்திரிகைக்கு எழுதிப் போடட்டும்.

ஒன்றை மட்டும் யாருக்கும் சொன்னதில்லை. அந்த நாட்களில் ஒவ்வொரு தரம் கூவி முடிந்ததும் ஒரு கணம் காத்திருப்பேன். மற்ற முனையிலிருந்து பதில் வருமா என்று காது தானாகத் தேடும்.

வழி விடுங்கோ

மறுபடி அந்த ரயிலுக்கு வருகிறேன்.

தேநீர் நேரம். ஒரு தொண்டர் பெண் பெரிய தட்டத்தில் ஸ்கோன்களை அடுக்கிக்கொண்டு வந்தாள். ஜாமும் கிரீமும் பூசின சின்னப் பணிஸ் ரொட்டி. எங்கள் இருக்கையடியில் அவள் தட்டத்தை வைத்துவிட்டு யாருக்கோ தேநீர் ஊற்றத் திரும்பினாள்.

செபஸ்தி எழும்பினான். தட்டத்தை எடுத்தான். வயிற்றோடு அணைத்துப் பிடித்தான். ரயில் ஆட்டத்துக்குக் காலை அகட்டி வைத்தான். கழிப்பறைக்குப் போகவே மகளின் தோளைப் பிடிக்கிறவன், ஒன்றையும் பிடிக்காமல் நடைபாதை நடுவில் நடந்தான்.

"உப்புக் கச்சான், மொறுமொறு கச்சான்..."

வழிகாட்டி பாதிப் பேச்சில் ஒலிவாங்கியைக் கீழே இறக்கினார். ஒருவர் இருமினார். மெரீனா எழும்பி, "அப்பா, இஞ்சை வாங்கோ, ப்ளீஸ்" என்றாள். அவள் முகம் சிவந்து போயிருந்தது. "பெரியப்பா, எல்லாரும் பாக்கினம்."

"பாக்கட்டும். நீ இரு பிள்ளை."

சிசிலிக் கிழவி முதலில் கையை உயர்த்தினாள், பலகணியிலிருந்து கூடை இறக்குகிறவள் மாதிரி. செபஸ்தி குனிந்து ஒரு ஸ்கோனை எடுத்துக் கொடுத்து, "சூடா இருக்கு, பாத்து" என்றான். அவளுக்கு என்ன விளங்கியதோ, தலையாட்டினாள். பிறகு மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கை நீட்டினார்கள்.

ஆனால் அவன் கூவிவிட்டு நின்று நின்று போனான். தலையைச் சரித்தான். மற்ற முனையைப் பார்த்தான். கூவினான். மறுபடி சரித்தான்.

நான் கோட்டைக் கழற்றினேன். அவனுக்குத் தெரியாமல் மற்ற முனைக்குப் போக, ஓடுகிற ரயிலிலிருந்து இறங்கி ஏறவா முடியும்? அவனை உரசிக்கொண்டுதான் முன்னுக்குப் போனேன். பெட்டியின் இன்ஜின் பக்க முனையில் போய் நின்று, அடிவயிற்றிலிருந்து இழுத்தேன்.

"கச்சா...ன், சூட்டுக் கச்சா...ன்!"

அவன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வாய் மலர்ந்து, கண் விரிந்து. "உப்புக் கச்சான், மொறுமொறு கச்சான்!" அந்தக் குரலில் கிழடு இல்லை. நான் கூவினேன், அவன் வெட்டினான். இரண்டு பக்கமும் மஞ்சள் காணி ஓடிக்கொண்டிருந்தது. நான் நடந்தேன், அவன் நடந்தான். நடுவில், வழிகாட்டியின் இருக்கையடியில் சந்தித்தோம். என் கை தட்டத்தில் தட்டத் தூக்கியபடி நின்றது.

அவன் என் முகத்தைப் பார்த்தான். மலர்ந்த வாய் மெல்ல மூடியது.

"கொஞ்சம் வழி விடுங்கோ ஐயா," என்றான். "அண்ணை அங்காலை வாறார்."

நான் வழி விட்டேன். வேறு என்ன செய்ய? அவன் என்னைத் தாண்டி, முனை வரைக்கும் போய், வெறும் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

கடைசி ஸ்டேஷன்

ரயில் அடுத்த ஊரில் நின்றது. எல்லாரும் இறங்கினார்கள். செபஸ்தி இறங்கவில்லை. தட்டத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கதவடியில் நின்றான்.

"அப்பா, சாப்பிடப் போவம்."

"அண்ணை வரேல்லை."

"பெரியப்பா இஞ்சைதானே அப்பா நிக்கிறார். பாருங்கோ."

அவன் என்னைப் பார்த்தான். "அவர் ஆரோ ஐயா," என்றான். "அண்ணை வராமல் இறங்கக்கூடாது."

வண்டியை வேறு தண்டவாளத்துக்கு மாற்ற வேண்டும், பெட்டி காலியாக வேண்டும் என்று ஓட்டுநர் கீழே நின்று சொன்னார். வழிகாட்டி அவரைக் கையால் அமர்த்திவிட்டுக் கடிகாரத்தைப் பார்க்காமல் காத்திருந்தார். நல்ல மனிதர். மெரீனா அழத் தொடங்கினாள். "பலவந்தமா இறக்கினா விழுந்திடுவார் பெரியப்பா."

பெர்மெஸ்ஸோ கொடுக்கிற குவெஸ்தூராப் பொலிஸ் நிலையத்தில் எத்தனை அதிகாரிகளைப் பேசி மடக்கியவன் நான். அந்தக் கதவடியில் பேச்சு எடுபடாது. முகம்தான் இடைஞ்சல் என்று மட்டும் விளங்கியது. அவன் தேடுகிற அண்ணனுக்கு மீசையே முளைத்திருக்காது.

அவனுக்குப் பின்னால் போய் நின்றேன். அவன் தோளுக்கு மேலால், என் முகம் தெரியாதபடி, கையை நீட்டித் தட்டத்தில் விரல் முட்டியால் தட்டினேன். இரண்டு தரம்.

அவன் தோள் தளர்ந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

"முடிஞ்சுதோ அண்ணை?"

"ஓம் தம்பி. முடிஞ்சுது."

"பிந்திப் போனியள்."

"ஓமடா. பிந்திப் போனன்."

"சரி, இறங்குவம்."

இறங்கினான். மேடையில் கால் வைத்ததும் திரும்பினான். நான் அவனுக்குப் பின்னால் படியில் நின்றேன். என்னை ஒருமுறை பார்த்தான், எனக்குப் பின்னால் இருந்த வெறும் பெட்டியைப் பார்த்தான்.

"ஐயா," என்றான், "அண்ணையைக் கண்டனீங்களோ?"

குசினி மேசை

பலெர்மோவுக்குத் திரும்பியதும் கோயில் வாசலில் எல்லாரும் கேட்டார்கள். "எழும்பி நின்றவரோ?" என்று. "ஓம், கண்ட உடனை எழும்பி நின்றான்" என்றேன். அது பொய் இல்லை.

பிலோமினா பகிடி பண்ணவில்லை. வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போது, "மட்டுக்கட்டினவரோ?" என்று மட்டும் கேட்டாள்.

"ஒருக்கா. முகத்தைப் பாக்காமல்."

அவள் பக்கத்தில் வந்து இருந்தாள். அன்றைக்குக் கடையைப் பிந்தித்தான் திறந்தோம்.

இந்த வருடத் தொடக்கத்தில் செபஸ்தி போய்விட்டான். நித்திரையில் போனான் என்றாள் மெரீனா. விமானத்தைப் பிடித்து ஓடவும் நேரம் போதவில்லை. அங்கே பின்னேரம் அடக்கம், இங்கே அப்போதுதான் விடிகிறது. குசினி மேசையில் சீனிப் போத்தலில் போனைச் சாய்த்து வைத்து, நானும் பிலோமினாவும் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் அந்தச் சாம்பல் நிறச் சூட்டைப் போட்டிருந்தேன்.

சின்னக் கோயில். சனம் குறைவு. முதல் வரிசையில் வெள்ளைத் தாடியோடு அந்த வழிகாட்டி, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். மெரீனா கூப்பிட்டிருக்க வேண்டும். கோயில் ஜன்னலுக்கு வெளியே அதே மஞ்சள் காணி தெரிந்தது.

செபம் முடிந்தது. சவப்பெட்டிக்கு மூடியை வைத்தார்கள். தூக்குகிறவர்கள் வந்து பக்கத்தில் நின்றார்கள். மெரீனா போனைக் கிட்டக் கொண்டுபோய்ப் பிடித்தாள்.

எங்கள் வீட்டுக்குக் கீழே பல்லரோச் சந்தை முழித்துவிட்டது. மீன்காரன் இழுத்துக் கூவினான். எதிர்ப்பக்கத்தான் வெட்டினான்.

"பிள்ளை," என்றேன், "தூக்க முன்னம் அதிலை ரண்டு தரம் தட்டிவிடு. விரல் முட்டியாலை."

பிலோமினா என் முகத்தைப் பார்த்தாள். மெரீனா அந்த ரயிலில் இருந்தவள். போனை மற்றக் கைக்கு மாற்றினாள். குனிந்து தட்டினாள். பலகையின் சத்தம் அவ்வளவு தூரம் தாண்டி எங்கள் மேசைக்கு வந்தது.

"முடிஞ்சுது தம்பி," என்றேன். "அண்ணை வந்திட்டன். இறங்கு."